என் பழைய இருக்கை

இஞ்சாருங்கோ,

போனில் சொன்னால் ஏசுவீர்கள், அதனால் எழுதுகிறேன். நேற்று உங்கள் வோல்வோவை நானே டூட்டிங்கில் இருக்கிற தமிழ்க் கடைவரை ஓட்டிப் போனேன். "பெட்டி மாதிரிக் கார், உமக்கு ஓட்ட ஏலாது" என்று முப்பது வருடம் சொன்னீர்கள். பெட்டியாக இருப்பதால்தான் நாலு மூலையும் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரே தடவையில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினேன்.

நான் ஏறியதும் என் பெல்ட்டை இழுத்துப் பார்ப்பீர்கள். "இதைக் கண்டுபிடிச்சு எல்லாக் கம்பனிக்கும் இலவசமாக் குடுத்தவங்கள் வோல்வோக்காரர்" என்பீர்கள். நேற்று இழுத்துப் பார்க்க ஆளில்லை.

சனிக்கிழமை உங்களை வீட்டுக்குக் கூட்டிப்போக ஆஸ்பத்திரி வாசலுக்கு வருகிறேன். என் பழைய இருக்கையில் ஏறுங்கள். வலக்கை இன்னும் எழும்பாவிட்டாலும் பரவாயில்லை. பெல்ட்டை நான் போட்டுவிட்டு, இழுத்தும் பார்ப்பேன்.

ஸ்டியரிங் பக்கத்திலிருந்து,
உங்கள் மனைவி