அம்மாவின் விரிப்பில் இரண்டு போர்வைகள்

மார்ச் 4

அம்மாவின் பழைய படுக்கை விரிப்புகளை அக்கா கொண்டுவந்து கட்டிலில் கொட்டிவிட்டுப் போனாள். நீலப் பூப்போட்டவை, மஞ்சள் கோடு போட்டவை, எல்லாம் எங்களைவிட வயதில் மூத்தவை. இப்போது கடையில் எவ்வளவு கொடுத்தாலும் இந்த மென்மை கிடைக்காது.

"அம்மாதான் இல்ல. இதை வெட்டி ஒட்டுப் போர்வையா தைச்சிடு. உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு" என்றாள்.

மார்ச் 9

ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பழைய விரிப்பென்றால் இதுதான் முதல் வேலை. ஓரமெல்லாம் புதுத்துணி போலவே இருக்கிறது. நடுவில் நைந்து, பின்னால் இருக்கும் என் விரல்களே தெரிகின்றன. ஓரத்தை மட்டும் எடுத்தால் ஒரு போர்வைக்குத்தான் வரும். நடுத்துணிக்குப் பின்னால் வேறு துணி கொடுத்துத் தைத்தால் தாங்கும். ஆனால் அது இரட்டை வேலை.

மார்ச் 15

வெட்டிவிட்டேன். ஓரமெல்லாம் எனக்கு, நடுவெல்லாம் அக்காவுக்கு. பின்துணியும் கொடுக்கவில்லை. அவளுக்கு என்ன தெரியப்போகிறது? எப்படியும் பீரோவில்தான் தூங்கப்போகிறது – இப்படியே எனக்கு நானே சொல்லிக்கொண்டு வெட்டினேன். அம்மா ஒருநாளும் எங்களுக்குள் ஓரவஞ்சனை செய்ததில்லை.

ஏப்ரல் 20

அக்காவிடம் கொடுத்துவிட்டேன். முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். அத்தானைக் கூப்பிட்டு, "பாருங்க, என் தங்கச்சி கைவேலையை!" என்று ஒரே பெருமை. நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

மே 11

அக்கா போனில் தேம்பித் தேம்பி அழுதாள். "வாஷிங் மெஷின்ல போட்டுட்டேன்டி. நார் நாரா கிழிஞ்சிடுச்சு. அம்மாவோடதுன்னு இருந்ததையும் நானே நாசமாக்கிட்டேன். என்னை மன்னிச்சிடுடி."

நான் என்ன சொன்னேன்? "பரவாயில்லக்கா, விடு."

பரவாயில்லையாம். பெரிய மனசுக்காரி நான்! தூ.

மே 12

என் போர்வையையும் மெஷினில் போட்டுப் பார்த்தேன். ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

மே 23

அம்மாவின் சாமான்களைப் பிரிக்க உட்கார்ந்தோம். அக்கா எதையும் தொடவில்லை. "எல்லாம் நீயே வச்சுக்க. என் கைக்கு வந்தா எதுவும் உருப்படாது." அத்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கிழிஞ்சதை மடியில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துடறாம்மா. நீ சொன்னா கேப்பா, கொஞ்சம் சொல்லேன்" என்றார்.

சொல்லத்தான் அவளிடம் போய் வாயைத் திறந்தேன். பீரோ சாவி எங்கே என்று கேட்டுவிட்டு வந்தேன். வெட்கங்கெட்டவள்.

மே 25

சொல்லிவிட்டேன். என் போர்வையை அவள் மடியில் வைத்தேன். "நல்ல துணியெல்லாம் எனக்கு எடுத்துக்கிட்டேன்கா. உனக்கு நைஞ்சதைக் கொடுத்தேன். அது கிழியும்னு எனக்குத் தெரியும். உன் மேல ஒரு தப்பும் இல்ல."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"ஏன்டி?" என்று மட்டும் கேட்டாள். ஆசை. அவ்வளவுதான். வேறு காரணம் தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

கிழிந்ததை எடுத்து விரித்துப் பார்த்து, "எது நைஞ்சுது? நடுவா?" என்றாள்.

"ஆமாக்கா."

"அப்பா போனப்புறம் அம்மா கட்டில் நடுவுலதானே படுப்பாங்க?"

நான் தலையாட்டினேன். என் போர்வையை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "அப்போ எனக்கு என்னோடதே போதும்" என்றாள்.

இத்தனை வருஷமாகத் துணி வெட்டுகிறேன். அது ஏன் நைந்தது என்று ஒரு தடவைகூட நான் யோசிக்கவில்லையே!

ஜூன் 8

அக்கா போன் செய்யவில்லை. நான் செய்தால் அத்தான்தான் எடுக்கிறார். கடைக்குப் போய் ஊசியும் பின்துணிக்கு வெள்ளைத் துணியும் வாங்கிவந்து, கிழிந்ததை அவளே தைக்கிறாளாம். தையல் கோணல்மாணலாகப் போகிறதாம். விரலெல்லாம் குத்துக்காயமாம்.

"உங்கிட்ட கொடுக்கலாமேன்னு சொன்னேன்மா" என்று இழுத்தார்.

அதற்கு அக்கா என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.