பத்துக் கோடுகள்

ஜூன் 3, செவ்வாய்

டயகம. விடாத மழை. அட்டன் ரோட்டில் மண்சரிவு, பஸ் இல்லை. என் ஆய்வுப் பொடிக் குப்பியைச் சென்னைக்குக் கூரியரில் போட வழியில்லை. தோட்டத்து லய வீட்டில் சுவரெல்லாம் ஈரம். இந்தப் பொடிக்கு ஈரம் ஆகாது. அப்பாவிடம் புலம்பினேன். ஃபேக்டரியில் இருபது வருசமாய்த் தேயிலைக் கொழுந்து காயவைக்கிறவர்.

"என்கிட்ட குடு பாப்பா. ஈரம் அண்டாம நான் பாத்துக்கிறேன்."

கொடுத்தாச்சு. நிம்மதி.

பயணத்துக்குச் செய்ய வேண்டியது: பாஸ்போர்ட் நகல். செருப்பு. கம்பளிச் சட்டை வேண்டாம், சென்னை.

ஜூன் 7, சனி

ரோடு திறந்தது. அப்பா குப்பியை இறுக மூடி, பாலித்தீன் சுற்றித் தந்தார். அட்டனில் அனுப்பிவிட்டேன்.

சென்னை ஆய்வகத்தில் என் தோழி கயல் அளப்பாள். பொடி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத குழிகள். பெரிய காந்தத்துக்குள் வைத்துச் சுழற்றினால், குழிக்குள் என்ன மூலக்கூறு தங்கியிருக்கிறது, ஒட்டிக் கிடக்கிறதா, அசைகிறதா, எல்லாம் கோடுகளாக வரும். குழி காலி என்றால் கார்பன் கோடே வராது. காலி என்று தெரிந்தால்தான் அடுத்த மாதம் பயணம். அங்கே இரண்டு வருசப் படிப்பு.

அம்மா போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் போவதைப் பற்றி அப்பா பேசுவதில்லை. நானும்.

ஜூன் 20, வெள்ளி

கயல் படம் அனுப்பினாள். காலி இல்லை. பத்துக் கோடு, அதில் ஒன்று தனியாகத் தூரத்தில். எந்த மூலக்கூறு என்று எண்ணிப் பார்த்தேன். பிறகு சாமி படத்துப் பக்கம் கண் போனது, அங்கே சூட டப்பா. சூடத்துக்குப் பத்துக் கார்பன்.

அப்பாவைக் கேட்டேன். ஈரம் புகாத அந்தச் சூட டப்பாவுக்குள்தான் நாலு நாளும் வைத்திருந்தாராம். மூடியைக் கழற்றி. உள்ளேயும் காயட்டும் என்று. சூடம் ஆவியாகிக் குழிக்குள் புகுந்துவிட்டது.

கத்தவில்லை. பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினேன். கயலுக்கு ஒரே குஷி: "கோடெல்லாம் ஊசி மாதிரி இருக்குடி. குழிக்குள்ள சூடம் ஒட்டாம ஜோரா சுத்துது."

ஜூன் 22, ஞாயிறு

மூடுபனி. சென்னைப் பேராசிரியர் சாருக்கு நடந்ததை அப்படியே எழுதியிருந்தேன். பதில் வந்தது. சூடத்தின் கதையைத் தனிக் கட்டுரையாக எழுதலாமாம். ஆனால் புதுப் பொடி செய்ய வேண்டும், காந்த இயந்திரம் கிடைப்பது மூன்று மாதம் கழித்துத்தான். பயணமும் அப்போதுதான்.

அப்பா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது. ரொட்டி சுட்டு வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து சார் எழுதியதைச் சொன்னேன்.

"என்னால உன் படிப்பு போச்சா?"

"போகலப்பா. மூணு மாசம் கழிச்சுத்தான் பயணம்."

ரொட்டியைப் பிய்த்தார். வாயில் வைக்கவில்லை.

"அப்ப மூணு மாசம் இங்கதான் இருப்பியா?"

ஆமாம் என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தாலும் தெரிகிறது, மனுசன் சிரிக்கிறார்.