எண்பது பல் பிளேடு

3-2-1986, திங்கள்

அரூர் பெரியண்ணன் பட்டறைக்கு வந்தார். புது வீட்டுக்கு வேங்கை மரத்தில் வாசல் கதவு. பலகைகளை ஒட்டிய இடத்தில் கோடு தெரியக்கூடாதாம். "நகத்த வெச்சு இழுத்துப் பாப்பேன் பாய்" என்றார். எனக்குப் பெண் பார்த்தபோது என் அம்மாகூட இவ்வளவு நிபந்தனை போடவில்லை. இதைச் சரியாகச் செய்தால் அவர் தம்பி வீடு, மாமனார் வீடு எல்லாம் நமக்குத்தான்.

5-2-1986

அக்பர் அலியோடு வாக்குவாதம். ஹாஜிராவின் தம்பி, என் மச்சினன். பதினெட்டு வருஷமாக ரம்ப மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று நான் பலகையைத் தள்ளுவேன், அந்தப் பக்கம் நின்று அவன் வாங்குவான். பேசுகிறவன் நான், வேலை தெரிந்தவன் அவன் — இதை டைரியில் மட்டும்தான் ஒப்புக்கொள்வேன்.

வழவழப்பாக அறுக்க எண்பது பல் பிளேடு வாங்கலாம் என்றேன்.

"வேணாம் மச்சான். நீளவாக்குல அறுக்க நம்ம பழைய இருவத்திநாலு பல்லே போதும், சாணை புடிச்சா சரி. தூளு வெளிய போவ எடம் வேணுமுங்க. பல்லு நெருக்கமா இருந்தா மரம் ஒரசிக் கருகிப்போவும்."

சீப்புக்குப் பல் நெருக்கமாக இருந்தால்தானே தலை படியும் என்று கேட்டேன். என் தலையைப் பார்த்துச் சிரித்தான். அங்கே படிவதற்கு ஒன்றும் இல்லை. அந்தச் சிரிப்புதான் உறுத்துகிறது.

8-2-1986

பெங்களூர் போய் வாங்கியே விட்டேன். எண்பது பல், கார்பைடு முனை, முகம் பார்க்கலாம். கடைக்காரர், "குறுக்க அறுக்கவா, நீளவாக்குலயா?" என்று கேட்டார். தெரியாது என்று காட்டிக்கொள்வேனா? "ரெண்டுக்கும்தான்" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.

மாரியப்பன் டீக்கடையில் எல்லாருக்கும் காட்டினேன். பழைய பிளேடுக்குப் 'பொக்கை' என்று பெயர் வைத்தேன். கடையே சிரித்தது. கடை மூடுவதற்குள் அந்தப் பெயர் பிளேடிலிருந்து இறங்கி அக்பர் அலி மேல் ஏறிக்கொண்டது. நான் தடுக்கவில்லை.

12-2-1986

கருகிவிட்டது. நான்கு பலகை அறுத்தோம், நான்கின் விளிம்பும் கறுப்பு. மோட்டார் முனகுகிறது, பிளேடு மரத்தில் இறுகுகிறது, பட்டறை முழுக்கப் புகை. அக்பர் அலி போய் மோட்டாரை நிறுத்தினான். 'நான்தான் சொன்னேனே' என்றிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

13-2-1986

எழுதித்தான் ஆகவேண்டும்.

காலையில் பெரியண்ணன் வந்து கறுப்பைப் பார்த்தார். "என்னா பாய் இது?"

என் வாய் — நாற்பத்தேழு வருஷம் சோறு போட்டு வளர்த்த வாய் — "மரம் ஈரமுங்க. பாத்து எடுத்தது மச்சினன்" என்றது.

அக்பர் அலி அந்தப் பக்கம் பலகையின் முனையைப் பிடித்தபடி நின்றான். மெதுவாகக் கீழே வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டு போனான்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பிளேடு தப்புன்னு சொன்னா என்ன, உசுரா போயிடும்?

14-2-1986, வெள்ளி

தொழுகை முடிந்து அக்பர் அலி வந்தான். பழைய பிளேடை மட்டும் எடுத்துக்கொண்டான். "வேற ஒண்ணும் வேணாமுங்க." மச்சான் என்ற சொல் வரவில்லை. "அந்தப் பொக்கைய வெச்சுக்கிட்டு என்னா பண்ணுவ?" என்றேன். சிரிக்க ஆள் இல்லை என்பது கேட்ட பிறகுதான் தெரிந்தது. ஹாஜிரா கதவோரம் நின்றிருந்தாள்.

சாயங்காலம் பெரியண்ணன் தன் மரத்தை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

2-3-1986

ஹாஜிரா பேசுவதில்லை. தட்டு வைக்கிற சத்தம்தான் பேசுகிறது.

9-3-1986

மாரியப்பன் டீயோடு சேதியும் வைத்தான். அக்பர் அலி பாலக்கோட்டில் ஒரு மர மில்லில் மேஜை வாடகைக்கு எடுத்திருக்கிறானாம். பெரியண்ணன் கதவும் அங்கேதானாம். "அதே மரந்தானுங்க பாய்." இதை மட்டும் இரண்டு தரம் சொன்னான்.

27-4-1986, ஞாயிறு

பெரியண்ணன் வீட்டுப் புதுமனை புகுவிழா. என்னை ஏன் அழைத்தார் என்பது போன பிறகுதான் புரிந்தது. நேராகக் கதவுக்கு முன்னால் நிறுத்தி, "நகத்த வெச்சுப் பாருங்க பாய்" என்றார். மேலிருந்து கீழே இழுத்தேன். எங்கேயும் தடுக்கவில்லை.

"ஈரம் காஞ்சிருச்சாட்டம் இருக்குதுங்க" என்றார்.

கூட்டம் சிரித்தது. நல்ல கிண்டல்தான். வேறு யாரைப் பற்றியாவது இருந்தால் ஒரு மாசம் டீக்கடையில் ஓட்டியிருப்பேன்.

பந்தியில் அக்பர் அலி உட்கார்ந்திருந்தான். சாப்பிடாமல் பஸ் ஏறினேன். தருமபுரி வரைக்கும் பசி.

4-5-1986

இருபத்துநாலு பல் பிளேடு ஒன்று வாங்கி மாட்டினேன். வேறு வேலையில் மிச்சம் கிடந்த வேங்கைப் பலகையை நீளவாக்கில் தள்ளினேன். கருகல் இல்லை. இழைப்புளி வைக்கத் தேவையே இல்லாத வழவழப்பு.

"புடிச்சுக்கடா" என்றேன். பழக்கம்.

பலகை அந்தப் பக்கம் தரையில் விழுந்து முனை நசுங்கியது. சத்தம் கேட்டு ஹாஜிரா எட்டிப் பார்த்தாள். எடுத்துத் தரவில்லை, உள்ளே போய்விட்டாள்.

நசுங்கிய முனையை வெட்டித் தள்ள எண்பது பல் பிளேடை மாட்டினேன். குறுக்கே வைத்தால் வெண்ணெய் மாதிரி போகிறது. ஒரு சிலும்பு இல்லை.

நல்ல பிளேடுதான். பெங்களூர்க் கடைக்காரர் அதைத்தான் கேட்டார்: குறுக்கவா, நீளவாக்குலயா.