கிணற்றை நோக்கி நகரும் இன்ஜின்

மாசி 14, செவ்வாய்.

நெல் கதிர் விடுகிற நேரம், தண்ணீரை நிறுத்த முடியாது. கிணற்று மேட்டில் பலகைமேல் பூட்டி வைத்திருக்கும் ஆயில் இன்ஜின், ஓட ஆரம்பித்தால் அதிர்ந்து அதிர்ந்து கிணற்றுப் பக்கமே நகர்கிறது. மணல் மூட்டை வைத்தேன். வீட்டு அம்மிக்கல்லையும் தூக்கி வைத்தேன். நாகலாபுரத்துக் கொல்லன் அடித்துக் கொடுத்த இரும்பு முளையும் பிடுங்கிக்கொண்டது. சனியன், எதற்கும் அடங்கவில்லை.

சிமெண்டில் தளம் போட்டால் நிற்கும். சிமெண்டுக்கு பர்மிட் வேண்டும். காலையில் நாலாவது தடவையாக தாலுகா ஆபீசுக்குப் போனேன்.

"உங்க ஊரு மதராஸ்ல நிக்குதா, ஆந்திராவுக்குப் போவுதான்னே தெரியல. எல்லை முடிவாவட்டும், அப்பால வா" என்றான் குமாஸ்தா.

அந்த எரிச்சலோடு வந்து, மதியம் என் மனைவி வள்ளியைப் பலகைமேல் பாரத்துக்கு உட்காரச் சொன்னேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் மடை திறக்கப் போனேன். திரும்பி வந்தபோது பலகைக்கும் கிணற்று விளிம்புக்கும் ஒரு சாண்தான் இருந்தது. அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஓடிப்போய் இன்ஜினை நிறுத்தினேன்.

"எய்ந்து வர்றதுக்கு இன்னாடி?" என்று கத்தினேன்.

"நான் எய்ந்தா இன்ஜின் கெணத்துல பூடும்னு நீதானய்யா சொன்ன."

சொன்னேன்தான்.

ராத்திரி சோறு போட்டாள். தூங்கிவிட்டாள். எனக்குக் கண்ணை மூடினால் அந்த ஒரு சாண்தான் தெரிகிறது. நாளைக்கும் தண்ணீர் பாய்ச்சியாக வேண்டும். நான் கூப்பிடாவிட்டாலும் அவளே போய் உட்கார்ந்துவிடுவாள்.