குடைக்காரரின் மேல்பாதியைக் காக்க வேண்டி

அனுப்புநர்:
மூன்றாம் மாடிப் பின்வீட்டுக் குடியிருப்பாளர்
(ஓய்வுபெற்ற நூலகப் பகுப்பாளர்),
பழைய அச்சகத்துக்குப் பின்புறமுள்ள அடுக்குக் குடியிருப்பு.

பெறுநர்:
உயர்திரு மண்டலப் பொறியாளர் அவர்கள்,
பொதுச்சுவர்த் தூய்மைப் பிரிவு,
நகராட்சி மண்டல அலுவலகம்.

பொருள்: எங்கள் குடியிருப்பின் பின்சுவரில் தவறுதலாகத் தொடங்கப்பட்ட வெள்ளையடிப்பு வேலையை வரும் வியாழக்கிழமை தொடராமல் நிறுத்தவும், அடித்த சுண்ணாம்பைச் சுரண்டி எடுக்க ஓவியருக்கு அனுமதி அளிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய பொறியாளர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

1. நான் புகார் எழுதிப் பழக்கமில்லாதவன். எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றால்கூட, பக்கத்து வீட்டிலும் நின்றிருக்கிறதா என்று விசாரித்து, அவர்களே எழுதட்டும் என்று இருந்துவிடுபவன். எனவே இம்மனுவில் முறை பிசகியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். யாரையும் குற்றம் சாட்டுவது என் நோக்கமன்று. இதில் குற்றவாளி என்று எவரும் இல்லை என்பதே இவ்விஷயத்தின் சிக்கல்.

2. எங்கள் பகுதியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ‘சுவரோவிய நடை’ ஒன்று நடப்பதைத் தாங்கள் அறிந்திருக்கலாம். ஒரு வழிகாட்டி முன்னே செல்ல, சிறு கூட்டமாகத் தெருத்தெருவாக நடந்து, சுவர்களில் வரைந்திருப்பவற்றைப் பார்ப்பது. என் மகள் அதற்கு டிக்கெட் வாங்கியிருந்தாள். அன்று அவளுக்கு அலுவலக வேலை வந்துவிட்டது. “டிக்கெட் வீணாப் போகுதுப்பா. நீங்க போய்ட்டு வாங்க. சுவரைப் பாக்கறதுக்கு என்ன தைரியம் வேணும்?” என்றாள். முழங்கால் வலி, வெயில், கழிப்பறை வசதி, அறிமுகமில்லாதவர்களிடம் பேச வேண்டியிருக்குமோ என்ற கவலை ஆகிய காரணங்களை வரிசையாக எடுத்துச் சொன்னேன். “குடையை எடுத்துக்கங்க, முதல் ரெண்டுக்கும் ஆச்சு. மூணாவதுக்கு வழியில டீக்கடை இருக்கு. நாலாவதுக்கு, நீங்க உம்முனு இருங்க, யாரும் கிட்ட வர மாட்டாங்க” என்று சொல்லி வாசல்வரை கொண்டுவந்து விட்டாள்.

3. வழிகாட்டி ஓர் இளம்பெண். கூட்டத்தைச் சேர்க்க விசில் ஊதுவதால் எல்லோரும் அவரை ‘விசில்’ என்றே அழைக்கிறார்கள். வேறு பெயரை நான் அறியேன்.

4. முதலில் சாவிக்கடை. அதன் ஷட்டரில் ஒரு பெண் நீந்துகிறாள். தகட்டின் மடிப்புகளே அலைகள். கடை மூடியிருந்தால்தான் அவள் தெரிவாள் என்பதால், நடைக்காரர்கள் வந்துபோகும்வரை கடைக்காரர் திறப்பதில்லை. “பாத்தாச்சா? திறக்கட்டுமா? ஒருத்தர் வீட்டைப் பூட்டிச் சாவியைத் தொலைச்சுட்டு நிக்கறார்” என்று அவசரப்படுத்தினார். அவர் ஷட்டரைத் தூக்கியதும் அந்தப் பெண் சுருண்டு மேலே போய்விட்டாள். எல்லோரும் ‘ஆ’ என்றார்கள். நானும் என்றேன். பல ஆண்டுகளாக அக்கடைக்குப் போய்வருகிறேன் ஐயா, திறந்திருக்கும்போது மட்டுமே. அடுத்தது சலவைக்கடையின் பின்சுவரில் ஒரு திமிங்கலம். அதன் தலையில், மிகச் சரியாக அந்த இடத்தில், கடையின் நீராவிக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே யாரோ இஸ்திரி இயந்திரத்தை அழுத்தியிருக்க வேண்டும். திமிங்கலம் ‘புஸ்ஸ்’ என்று மூச்சு விட்டது. நான் உரக்கச் சிரித்துவிட்டேன். நூலகத்தில் வேலை பார்த்தவனுக்குத் தன் சிரிப்பு இவ்வளவு சத்தமானது என்று தெரிய வாய்ப்பே இருந்ததில்லை. இப்பத்தி மனுவின் பொருளுக்கு நேரடியாகத் தொடர்பில்லாதது. சுருக்கிப் பார்த்தேன், முடியவில்லை. தாங்கள் கடந்து செல்லலாம்.

5. கடைசி நிறுத்தம் எங்கள் குடியிருப்பின் பின்சுவர். நான் அதற்கு உள்பக்கம் வசிப்பவன். வெளிப்பக்கத்தை அன்றுவரை நின்று பார்த்ததில்லை. சன்னல் இல்லாத வெறுஞ்சுவர். உச்சியில் மொட்டைமாடி மழைநீர் வெளியேற ஒரு குழாய். அதில் வரைவதற்காக அங்கே காத்திருந்த ஓவியர் எங்களிடம், “மழை பெஞ்சா அந்தத் தண்ணி சுவரோட எங்க வழியுதுன்னு பாத்து வச்சுட்டேன். அதுக்குக் கீழ யாரை நிக்க வைக்கறதுன்னுதான் தெரியல” என்றார். வானத்தில் ஒரு மேகமும் இல்லை. கூட்டத்தில் குடை விரித்திருந்தவன் நான் ஒருவனே. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் யாருக்கோ மறைக்கிறேன் போலும் என்று எண்ணி, “மன்னிக்கணும்” என்று விலகப் போனேன். “நகராதீங்க ஐயா!” என்று ஓவியர் கத்தினார். விசில் ஊதியே விட்டார்.

6. வேறு யாரையாவது வரையுமாறு மறுநாளே ஓவியரைச் சந்தித்துக் கேட்டுக்கொண்டேன். மூன்று மாடி உயரத்துக்கு நிற்க எனக்கு என்ன தகுதி என்று எனக்குப் புரியவில்லை. “வெயில்ல குடையோட வந்த ஆளு நீங்க ஒருத்தர்தான். தகுதி அவ்வளவுதான், நேரா நில்லுங்க” என்றார். மேலும் வாதாடவில்லை. வாதாட விரும்பவுமில்லை என்பதை இவ்விடத்தில் பதிவு செய்கிறேன்.

7. இவ்வோவியத்துக்குக் குடியிருப்போர் அனைவரும் எழுத்துமூலம் ஒப்புதல் அளித்துள்ளோம். தனியார் சுவருக்கு அதுவே போதுமானது எனத் தங்கள் அலுவலகம் ஓவியருக்கு அளித்த பதிலையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

8. வண்ணம் கீழே வழியும் என்பதால் சுவரோவியத்தை மேலிருந்து கீழாகவே எழுதுவார்களாம். எனவே முதலில் குடை வந்தது. பிறகு நெற்றி, மூக்குக்கண்ணாடி. என் காது அவ்வளவு பெரிதென்று மகளே அப்போதுதான் கவனித்தாள். குடையின் மேல்விளிம்பில் விரல் அகலத்துக்கு ஒரு தகரப்பட்டையை ஓவியர் பதித்தார். ஏன் என்று கேட்டதற்கு, “மழை வரட்டும்” என்றார். ஒரு மாலை வந்தது. எல்லா வீட்டினரும் கீழே இறங்கி ஓடினோம். குழாயிலிருந்து வழிந்த தண்ணீர் குடையைத் தொட்டதும் இரண்டாகப் பிரிந்து இருபக்கமும் கொட்டியது. கீழே நின்ற நாங்கள் தெப்பமாக நனைந்தோம். மேலே இருந்தவர் நனையவில்லை. கையிலிருந்த குடையை விரிக்க எனக்குத் தோன்றவே இல்லை. ஐயா, அந்த மாலையைப் பற்றி மேலும் எழுதலாம். எழுதவில்லை.

9. இனி புகார். சென்ற வாரத்துக்குள் ஓவியர் இடுப்புவரை முடித்திருந்தார். அப்பகுதி காயும்வரை தூசி படாமலிருக்கத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார். அதற்குக் கீழே முழுவதும் வெள்ளை பிரைமர் அடித்து, கால்சட்டையையும் காலணிகளையும் கரிக்கோட்டால் வரைந்து வைத்திருந்தார். சனிக்கிழமை வண்ணம் வாங்கச் சென்றுவிட்டார். அன்று தங்கள் பிரிவின் வெள்ளையடிப்புக் குழு, தங்கள் உத்தரவுப்படி, அருகிலுள்ள அச்சகத்தின் மதிலை அடித்து முடித்தது. குழுவின் மேஸ்திரி திரும்பிப் பார்த்தால் எங்கள் சுவர்: சாரம் கட்டியிருக்கிறது, பாதி வெள்ளையாக இருக்கிறது, ஆளைக் காணோம். வேறு குழுவினர் பாதியில் விட்டுப்போன வேலை என்று எண்ணி, மிச்சமிருந்த சுண்ணாம்பைக் கரைத்துக் கீழிருந்து மேலாக அடிக்கத் தொடங்கிவிட்டார். பொறுப்பான மனிதர். அவர் சோம்பேறியாக இருந்திருந்தால் இம்மனுவுக்கே அவசியம் வந்திராது.

10. விஷயம் தெரிந்து நான் படியிறங்கிச் சென்றபோது சுண்ணாம்பு தார்ப்பாயின் விளிம்பைத் தொட்டுவிட்டது. மேஸ்திரி என்னைப் பார்த்து, “எவனோ அரைகுறையா விட்டுட்டுப் போயிருக்கான் ஐயா. கரியில கிறுக்கி வேற வச்சிருக்கானுங்க. கவலைப்படாதீங்க, நாங்க சுத்தமா முடிச்சுத் தர்றோம்” என்றார். நான் நன்றி சொன்னேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிறகு, “மேலே ஒருவர் இருக்கிறார்” என்றேன். குழுவில் ஒருவர் ஏறித் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, “மேஸ்திரி, யாரோ ஒரு பெரியவர் குடை புடிச்சுக்கிட்டு நிக்கறாரு!” என்று கூவினார். தெரிந்தவரா என்று மேஸ்திரி என்னிடம் கேட்டார். பழக்கம் உண்டு என்றேன். அவர் மேலே ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, “ஐயா, அது நீங்கதானே?” என்றார். சாயல் இருக்கலாம் என்று பதிலளித்தேன். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு வெள்ளையடிக்கும் மட்டையைக் கீழே போட்டார். ஆனால் பிரிவின் சுண்ணாம்பு செலவாகிவிட்டது. செலவானதற்குக் கணக்குச் சொல்ல வேண்டுமே. எனவே எங்கள் சுவரை ‘தொடங்கப்பட்டது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

11. மறுநாள் ஞாயிறு. நடைக்காரர்கள் வழக்கம்போல வந்தார்கள். ஓவியர் தார்ப்பாயை எடுத்தார். இடுப்புக்கு மேல் ஒரு மனிதர். இடுப்புக்குக் கீழ் சுண்ணாம்பு. கீழ்வீட்டுத் தையற்காரம்மா, “சார், பேன்ட்டுக்கு அளவு எடுத்துக்கட்டுமா? துணி நிறைய ஆகும் போலிருக்கே” என்று கேட்டுக் கூட்டத்தையே சிரிக்க வைத்தார். நானும் சிரித்தேன். ஓவியர் மட்டும் சிரிக்கவில்லை. சுண்ணாம்பின்மேல் வண்ணம் ஒட்டாது, பொடியாக உதிரும். இறுகுவதற்குள் சுரண்டி எடுத்து மீண்டும் பிரைமர் அடித்தால்தான் கால்கள் வரும். இம்மாதக் கடைசியில் அவர் வேறு ஊரில் வேலைக்குச் சேர வேண்டும். அதற்குள் முடியாவிட்டால் பிறகு முடிப்பதற்கு யாருமில்லை.

12. திங்கட்கிழமை தங்கள் அலுவலகம் வந்தேன். உள்ளே போகலாமா என்று வாசலில் சற்று நேரம் யோசித்ததால் உணவு இடைவேளை வந்துவிட்டது, தவறு என்னுடையது. பிறகு எழுத்தர் பொறுமையாகப் பார்த்து, “சார், இந்தச் சுவரு எங்க லிஸ்ட்லயே இல்ல” என்றார். எனக்கு உயிர் வந்தது. “ஆனா வேலை ஆரம்பிச்சாச்சு” என்றார். தவறுதலாகத்தானே ஆரம்பித்தது என்றேன். “தப்பா ஆரம்பிச்சாலும் ஆரம்பிச்சது ஆரம்பிச்சதுதானே சார்? ஒண்ணு, தொடங்கலன்னு இருக்கணும். இல்ல, முடிஞ்சதுன்னு இருக்கணும். நடுவுல விட்டுட்டா மேல கேள்வி கேப்பாங்க. வியாழக்கிழமை பெரிய ஏணி வருது, மேல்பாதியையும் அடிச்சுடுவாங்க. பாருங்க, பளிச்சுனு இருக்கும்” என்றார். என்னைச் சமாதானப்படுத்துவதாகவே அவர் எண்ணினார். அங்கேயும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

13. வரும் வழியில் எனக்கு ஒன்று புலப்பட்டது. எழுத்தர் சொல்வது முழுக்கச் சரி. தொடங்கிய சுவரை முடிக்கத்தான் வேண்டும். ஆனால் அச்சுவரில் முதலில் வேலை தொடங்கியவர் ஓவியர். தங்கள் குழு அடித்தது அவர் தொடங்கிய வேலையின்மேல். ஆகவே விதிப்படி முடிக்க வேண்டிய வேலை எதுவென்று பார்த்தால், கால்சட்டையும் காலணிகளும்தான். இவ்வாதம் சரியா என்று இன்று காலை மகளிடம் கேட்டேன். “அப்பா, இதை உடனே எழுதுங்க, நாளைக்கு உங்களுக்கே சந்தேகம் வந்துடும்” என்றாள். எனவே இன்றே எழுதுகிறேன்.

14. மேற்கூறியவற்றைக் கருதித் தாங்கள்,

(அ) வியாழக்கிழமை பெரிய ஏணியை எங்கள் சுவருக்கு அனுப்பாதிருக்கவும்,

(ஆ) அடித்த சுண்ணாம்பைச் சுரண்ட ஓவியருக்கு அனுமதி தரவும் (சுரண்ட ஆள் தேவையில்லை, தையற்காரம்மா உட்பட எல்லா வீட்டிலிருந்தும் வருகிறார்கள். மேஸ்திரியும் விடுமுறை நாளில் தாமே வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்),

(இ) செலவான சுண்ணாம்பின் பொருட்டு மேஸ்திரி மீது நடவடிக்கை எதுவும் எடுக்காதிருக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன்.

15. ஓவியத்தில் இருப்பவர் நான் என்பதால் இம்மனுவில் எனக்குச் சொந்த ஆதாயம் இருக்கிறது. அதை மறைத்து எழுத ஒரு வரைவு தயாரித்தேன், கிழித்துவிட்டேன். ஐயா, அது நான்தான். எனக்குக் கால்கள் வேண்டும்.

16. தங்கள் பதில் புதன்கிழமை மாலைக்குள் கிடைக்குமானால் நன்றியுடையவனாவேன். கிடைக்காவிடில், வியாழக்கிழமை காலை ஏணி சாய்க்கும் இடத்தில் நான் நிற்க வேண்டியிருக்கும். யாருக்கும் குறுக்கே நின்று எனக்குப் பழக்கமில்லை. இந்த வயதில் அதைக் கற்றுக்கொள்ள வேண்டிய நிலைக்கு என்னை ஆளாக்க வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். ஆயினும் நேற்று மாலை, ஆள் இல்லாத நேரம் பார்த்து, அந்த இடத்தில் சிறிது நேரம் நின்று பார்த்தேன். வருகிறது.

இடம்: பின்சுவரின் உள்பக்கம், மூன்றாம் மாடி
நாள்: செவ்வாய்க்கிழமை

இணைப்பு: குடியிருப்போர் ஒப்புதல் கடிதம், தங்கள் அலுவலகப் பதிலின் நகல், மழை பெய்த மாலையில் எடுத்த புகைப்படம்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
மூன்றாம் மாடிப் பின்வீட்டுக்காரர்