உடைந்த ஸ்கேலில் ஒரு சென்டிமீட்டர்

பிப்ரவரி 4

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்கு வெட்கமாக இருக்கும் இடங்களையும் விடமாட்டேன்.

அண்ணனுக்கு இடக்கண் பார்வை போய் இரண்டு மாதம் ஆகிறது. வலக்கண்ணும் அப்படித்தான் ஆகும், எப்போது என்று சொல்ல முடியாது என்று கண் டாக்டர் இன்று சொல்லிவிட்டார். அண்ணன் அழவில்லை. வீட்டுக்கு வந்ததும், கணினியில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டை மாற்ற வேண்டும் என்றான். அவன் ஆடும் கணினி விளையாட்டில் பனிமலை வந்தாலே படம் திக்கித் திக்கி நிற்கிறது; பனி சதுரம் சதுரமாக விழுகிறது.

“அந்த மலைய ஒரு தடவ ஒழுங்கா பாத்துடணும்டி.”

அம்மா உடனே சரி என்றாள்.

பிப்ரவரி 6

அண்ணனோடு நூலகத்தில் கணினி இதழ்களைப் புரட்டினேன். கார்டு என்றால் சீட்டுப்போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். செங்கல் போல இருக்கிறது! நினைவகம், இழுக்கும் மின்சாரம், நீளம் எல்லாம் பார்க்க வேண்டும். ஒன்றில் கலர் விளக்குகள். “இது கார்டா, கல்யாண வீடா?” என்றான் அண்ணன். விளக்கில்லாததையே தேர்ந்தெடுத்தோம். நீளம் இருபத்தெட்டரை சென்டிமீட்டர். கணினிப் பெட்டியான கேபினெட்டுக்குள் என் ஸ்கேலை வைத்து அளந்தேன்; அண்ணன் டார்ச் பிடித்தான். இருபத்தொன்பது. தாராளம்.

பிப்ரவரி 9

வாங்கி வந்த கார்டு உள்ளே போகவில்லை. அரை சென்டிமீட்டர் இடிக்கிறது.

என் ஸ்கேலில் முதல் சென்டிமீட்டர் உடைந்து எத்தனையோ நாளாகிறது. ஒன்றிலிருந்து அளந்து, விடையில் ஒன்றைக் கழித்துக்கொள்வேன். கணக்கு வகுப்பில் ஒருநாளும் மறந்ததில்லை. அன்றைக்குக் கழித்தேனா? — கழிக்கல. நான் கழிக்கவே இல்ல.

யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 10

கடைக்காரர் கார்டைத் திருப்பி எடுத்துக்கொண்டார். பெரிய கேபினெட் கையிருப்பில் இல்லை. குட்டையான கார்டு வர மூன்று வாரமாம். அளந்தது யார் என்று சிரித்தபடி கேட்டார். “எங்க வீட்டு டெய்லர்தான்,” என்று அண்ணன் என் தலையில் தட்டினான். நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 21

காலையில் அண்ணன் என்னையே உற்றுப் பார்த்தான். “உன் மூஞ்சில நடுவுல மட்டும் யாரோ ரப்பர் போட்டு அழிச்ச மாதிரி இருக்கு.”

பிப்ரவரி 27

கார்டு இன்னும் வரவில்லை.

மார்ச் 3

வந்தது. குட்டையானதில் கிடைத்தது கலர் விளக்கு வைத்ததுதான். அண்ணன் திருகுத் துளையை விரலால் தடவிக் காட்ட, நான் முடுக்கினேன். சரியாகப் பொருந்தியது.

மலை வந்தது. படம் திக்கவே இல்லை.

“என்ன தெரியுது, சொல்லு,” என்றான் அண்ணன்.

சொன்னேன். பனி தனித்தனியாக விழுகிறது. உச்சிப் பக்கம் நீலமாக இருக்கிறது. நடக்க நடக்க, காலடித் தடம் பின்னாலேயே மூடிக்கொள்கிறது. படித்த கதைகளிலிருந்து ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

தனக்கு ஓரத்தில் கலர் மட்டும் அசைகிறது என்றான். “கல்யாண வீடு.”

அப்போது ஸ்கேல் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

“நீ ஒன்னுல இருந்து அளந்தத நானும்தாண்டி பாத்தேன். அப்ப எனக்குக் கண்ணு தெரிஞ்சுதே.”

பிறகு, உச்சிவரை ஏறச் சொன்னான். ஏறினேன். போதும் என்றான். கணினியை நிறுத்தினேன், விளக்குகளும் அணைந்தன. அணைந்துவிட்டது என்று நான் சொல்வதற்கு முன்பே அவன் கணினிப் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.