இருநூற்றுப் பதினான்கு பக்கமும் நின்றவள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். ஐந்து மாதமாக நான் கடிதம் போடாததற்குக் காரணம் உனக்கே தெரியும். நீ அனுப்பிய நாவலைப் படித்துவிட்டு, அதில் வரும் அம்மா வெறுமனே இடத்தை அடைக்கிறாள் என்று ஆறு பக்கம் எழுதினேன். நீயோ 'இன்னொரு தடவை படிங்கப்பா' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். ஐந்தாம் வகுப்போடு நின்று, பட்டறையில் மரத்தூளுக்கு நடுவே எழுத்துக் கூட்டிப் படித்து வந்தவன் நான். எனக்குப் புரியவில்லை என்று சொல்ல நீ யார் என்று கோபம். அது இன்னும் முழுசாகத் தீரவில்லை.

நூலகத்து மாடியில் ஞாயிறுதோறும் கூடி, படித்ததைப் பேசுகிறோம் இல்லையா, இந்த மாதம் நீ அனுப்பிய நாவல்தான். அதில் வரும் சாய்வு நாற்காலியின் கைப்பிடி மூட்டு தப்பு, அப்படிச் செய்தால் ஆறே மாதத்தில் ஆடிவிடும், எழுதியவர் உளியைத் தொட்டதே இல்லை என்று இருபது நிமிஷம் பேசினேன். மருந்துக்கடைக்காரருக்குக் கண் சொருகிவிட்டது. கடைசி வரிசையில் இருந்த இஸ்திரி போடும் பெண், இதுவரை வாயே திறக்காதவள், 'நாற்காலியைப் பத்தி இவ்வளவு சொல்றீங்களே அண்ணே, அந்தம்மா அதுல ஒரு தடவையாச்சும் உக்காந்தாங்களா?' என்றாள். கதை முழுக்க யாரும்மா நின்றுகொண்டே இருப்பார்கள் என்று சிரித்தேன். 'நாள் பூரா நின்னு வேலை செய்யறவ நான், எனக்குக் கண்ணுல படாதா? தேடிப் பாருங்க' என்றாள். மருந்துக்கடைக்காரர் விழித்துக்கொண்டு, 'வசமா மாட்டிக்கிட்டீங்க பெரியவரே' என்றார்.

அவள் சொன்னதைப் பொய்யாக்கவே பென்சிலும் கையுமாக உட்கார்ந்தேன். இருநூற்றுப் பதினான்கு பக்கம். அந்த அம்மா ஓர் இடத்திலும் உட்காரவில்லை மகளே. மகன் கடிதத்தை அடுப்படியில் நின்றே படிக்கிறாள், நூற்று முப்பத்தொன்றாம் பக்கத்தில் கதவில் ஒரு கணம் சாய்கிறாள், அவ்வளவுதான். எழுதியவர் அதை எங்கும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லாமலே ஒருத்தியைக் கதை முழுக்க நிற்க வைத்திருக்கிறார், அதையும் ஒருத்தி பார்த்துவிட்டாளே, அது என்ன கண்!

அப்போது உன் அம்மா தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றாள். உட்காரு என்றேன். முகம் வெளுத்து, 'ஏங்க, பொண்ணுக்கு ஏதாச்சுமா?' என்றாள். ஒன்றுமில்லை, சும்மா உட்காரு என்று அதட்டிய பிறகுதான் உட்கார்ந்தாள். பாதம் தரையில் படவில்லை. வீட்டு நாற்காலி நான்கும் என் கால் உயரத்துக்கு நானே செய்தவை. நாற்பது வருஷம்.

வரும் ஞாயிறு எல்லோர் முன்னாலும் அந்தப் பெண்ணிடம் ஒப்புக்கொள்ளப் போகிறேன். கைப்பிடி மூட்டு மட்டும் தப்புதான், அதில் விட்டுக்கொடுப்பதாக இல்லை. உன் அம்மாவுக்கென்று உயரம் குறைத்து ஒரு நாற்காலிக்கு மரம் எடுத்து வைத்திருக்கிறேன், அளவெடுக்க உட்காரச் சொன்னால் அடுப்பில் வேலை என்று ஓடுகிறாள். நீ நாள் முழுதும் உட்கார்ந்தே வேலை பார்க்கிறவள், நடுநடுவே எழுந்து நட. இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருங்கள். மறக்காமல் சனிக்கிழமை போன் செய், முதலில் அம்மாவை உட்காரச் சொல், நீ சொன்னால் கேட்பாள். பேச்சைக் கொஞ்சம் நீட்டு, அதற்குள் நான் அளவெடுத்துவிடுவேன்.

நீ சொன்னது சரி என்று எழுத மாட்டேன். இன்னொரு தடவை படித்தேன்.

இப்படிக்கு,
உன் அப்பா